வாசற்படி முதல் வாக்குச்சாவடி வரை

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்னும் சொற்களைக் குடிமையியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிறோம். தெருவிளக்கு, குடிநீர், சாலை, சாக்கடை, சுகாதாரம் என்று அவற்றின் கடமைகளை வரிசையாக எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். அந்த வரிசையில் பெரும்பாலும் நாம் எழுதாமல் விட்டுவிடும் கடமை ஒன்று உண்டு. நடக்க இயலாதவரும், பார்வையற்றவரும், காது கேளாதவரும் பிறரை எதிர்பாராமல் தெருவில் செல்லவும், அலுவலகத்தினுள் நுழையவும், பள்ளியில் பயிலவும், வாக்களிக்கவும் வழி அமைத்துக் கொடுப்பதே அக்கடமை.

இதனை நாமாகச் சேர்த்துக் கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம். 1992 ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 73, 74 ஆவது திருத்தங்கள் செய்யப்பட்டன. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைக் கூறும் பதினோராவது அட்டவணையில் 26 ஆவதாகச் சமூக நலமும், அதனுள் ஊனமுற்றோர் நலமும் குறிக்கப்பட்டுள்ளன. நகரங்களுக்குரிய பன்னிரண்டாவது அட்டவணையிலும் 9 ஆவது இடத்தில் அவர்களது நலன் பேணுதல் இடம் பெற்றிருக்கிறது. ஆகவே ஓர் ஊராட்சி தன் அலுவலக வாசலில் சாய்வுதளம் கட்டினால், அது தருமம் செய்தது என்று கூறி மாலை போடத் தேவையில்லை. தெருவிளக்கு எரிந்தால் நாம் யாருக்கும் மாலை போடுவதில்லையே!

சொற்கள் மாறி வந்த வரலாற்றையும் இங்கே சிறிது நோக்குவோம். முடவர், குருடர், செவிடர் என்று பழைய நூல்களில் கூச்சமின்றி எழுதினார்கள். பின்னர் ஊனமுற்றோர் என்றார்கள். 1981 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடியது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3 ஆம் நாள் அவர்களுக்குரிய நாளாயிற்று. இன்று தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் என்று மதிப்போடு அழைக்கிறோம். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக் கொண்டது. அதற்குப் பதிலாக வந்த 2016 ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகின்றது. 2011 ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேரும், அவர்களுள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 இலட்சத்து 80 ஆயிரம் பேரும் இத்தகையோர். இவர்களோடு முழங்கால் வலியால் படியேற முடியாத நம் பாட்டிமாரையும், கால் முறிந்து மூன்று மாதம் கட்டுப் போட்டிருப்பவரையும், நிறைமாதக் கர்ப்பிணிகளையும் சேர்த்துப் பார்த்தால், படியைக் கண்டு தயங்கி நிற்காத வீடு நம் ஊரில் ஒன்றேனும் உண்டா என்பது ஐயமே.

யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தின் கரையில் கிடந்த மனிதரைப் பற்றி வாசிக்கிறோம். முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவர் அவர். தண்ணீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆளில்லை என்றும், தாம் போவதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார் என்றும் அவர் ஆண்டவரிடம் முறையிட்டார். இப்பகுதியைப் பற்றிய மறையுரைகளில் அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். குளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐந்து மண்டபங்கள் கட்டிய அந்நகரத்தார், நடக்க இயலாதவர் தாமே நீரண்டை இறங்கும்படி ஒரு வழியை அமைக்கவில்லை. நோயாளிகள் கூடும் இடம் என்று தெரிந்திருந்தும், கால் வலியவன் முதலில் இறங்கும்படியே அந்த இடம் இருந்தது. நம் ஊர்களிலும் அரசு மருத்துவமனை, நியாயவிலைக் கடை, அஞ்சலகம், வங்கி ஆகியவற்றின் வாசல்களை இந்தக் கண்கொண்டு பார்த்தால் பெத்சதா வெகு தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

இனி, சாய்வுதளம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணக்கோடு காண்போம். எட்டாம் வகுப்பு மாணவியும் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் குறைந்தது பன்னிரண்டு அடி நீளத்திற்குச் சாய்வுதளம் நீள வேண்டும் என்பது விதி. நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ஒரு படி ஏறத்தாழ அரை அடி உயரம் இருக்கும். நான்கு படிகள் என்றால் இரண்டடி. ஆகவே சாய்வுதளம் இருபத்து நான்கு அடியாவது இருக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிச் சமதளமும் வேண்டும். அகலம் நான்கு அடி. இரு புறமும் கைப்பிடிக் கம்பி. அதுவும் சிறுவருக்கும் பெரியவருக்கும் எட்டும்படி இரண்டு உயரங்களில்.

பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். இயற்பியலில் சாய்தளத்தைப் படித்திருக்கிறோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் பதினைந்து கிலோ நாற்காலியில் அமர்ந்திருப்பதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 75 கிலோ. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அவர் தம் கைகளால் தள்ள வேண்டியது சுமார் 6 கிலோ எடைக்கு ஈடான விசை. ஒன்றுக்கு நான்கு என்ற சரிவில் அதுவே சுமார் 18 கிலோ ஆகிவிடும். தண்ணீர் நிரம்பிய குடம் ஒன்றைக் கையில் பிடித்துக் கொண்டே சறுக்குப் பலகையில் ஏறுவதற்கு இது சமம். போதாக்குறைக்கு, சரிவு மிகும்போது நாற்காலி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும் அபாயமும் உண்டு. ஒருவர் பின்னால் நின்று தாங்கினாலொழிய அதில் ஏற முடியாது. பின்னால் நிற்க ஒருவர் வேண்டுமென்றால், அவர் நான்கு படிகளில் தூக்கிவிட்டே போயிருக்கலாம் அல்லவா?

இடம் போதாது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில். முன்புறம் எட்டடி இடமே இருந்தால் எட்டடியில் சாய்வுதளத்தைக் கட்டி முடித்து, சுவரில் சக்கர நாற்காலிப் படத்தையும் வரைந்து விடுகிறார்கள். இடம் குறைவாயின் சாய்வுதளத்தைச் சுவரோரமாகத் திருப்பலாம். பாதி வழியில் ஒரு சமதளம் அமைத்து மடக்கலாம். அல்லது உயரம் குறைந்த பக்கவாசலைத் தேர்ந்து கொள்ளலாம். கொத்தனாருக்கு இவை தெரியாதவை அல்ல. கேட்பவர் கேட்டால் செய்வார்.

எல்லா ஊருக்கும் பொருந்தும் விதிகளில் அகப்படாத சங்கதி ஒன்று நம் மாவட்டத்திற்கு உண்டு. அது மழை. தென்மேற்குப் பருவத்தில் ஜூன் முதலும், வடகிழக்குப் பருவத்தில் அக்டோபர் முதலும் என ஆண்டில் இரு முறை நமக்கு மழை கிட்டுகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அது வரம். வழுவழுப்பாகப் பூசிய சிமெண்டுத் தளத்திற்கோ அது பாசி. ஒரு பருவம் முடிவதற்குள் பச்சை படர்ந்து, ஊன்றுகோலின் நுனி வழுக்கும். அழகுக்காகப் பளபளக்கும் ஓடு பதித்த சாய்வுதளங்களில் மழைத்துளி விழுந்தாலே போதும். ஆகவே சாய்வுதளத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். நீர் தேங்காமல் ஓரமாக வடிய வேண்டும். மேலே கூரை இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு இருமுறையேனும் பாசியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். கட்டுவதற்கு ஒரு முறை நிதி ஒதுக்கும் உள்ளாட்சிகள், கழுவுவதற்கு ஒரு துடைப்பத்தை ஒதுக்குவதில்லை.

கழிப்பறையைப் பற்றி எழுதுவதற்கு நாம் நாணுகிறோம். ஆனால் பெண்கள் பயிலும் பள்ளியின் மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? சக்கர நாற்காலி நுழைய, கதவு திறந்த பின் 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் தள்ள முடியாதபடி அவரே குறுக்கே கிடப்பார் என்பதே காரணம். நாற்காலியைத் திருப்ப உள்ளே ஐந்தடி வட்டமும், பிடித்து எழும்பக் கம்பியும், உட்காரும் வகைக் கழிப்பிடமும் தேவை. இவை இல்லாத பள்ளியில் பயிலும் பெண் பிள்ளை என்ன செய்வாள்? காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீர் குடிக்காமல் புறப்படுவாள். மாலை நான்கு மணி வரை தாகத்தை அடக்குவாள். பெரிய பெண்ணாகிவிட்டால் மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கே வரமாட்டாள். பிறகு ஒருநாள் வராமலே நின்று விடுவாள். படிப்பில் ஆர்வமில்லை என்று நாம் பதிவேட்டில் எழுதி முடித்து விடுவோம். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தடையின்றி நுழையும் வழி ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திற்கும் வேண்டும் என்கிறது. வழி என்றால் வகுப்பறை வரை மட்டுமா, கழிப்பறை வரையுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

இவ்வளவும் ஒரு கட்டடத்தைப் பற்றிய செய்திகள். மனிதர் கட்டடத்தில் முளைப்பதில்லை. வீட்டிலிருந்து அங்கே வர வேண்டும். நம் மாவட்டத்தின் நில அமைப்பு இவ்விடத்தில் குறுக்கே நிற்கிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ரப்பர் தோட்டங்களுக்கிடையே மேட்டில் வீடு. கீழே பள்ளத்தில் சாலை. இரண்டுக்கும் நடுவே மண்ணில் வெட்டிய படிகள். கடலோர ஊர்களிலோ வீடுகள் நெருங்கி நிற்க, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. அதைத் தாண்டினால் சக்கரம் புதையும் மணல். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பகுதிகளில் தரை சமம்தான். ஆனால் வீட்டுக்கும் சாலைக்கும் இடையே ஓடை ஒன்று ஓடும். அதன் மேல் மூடிய கல் ஒன்று உடைந்திருக்கும். பழுது பார்க்கும்போதெல்லாம் பழைய தார் மேலேயே புதிய தார் போடுவதால் சாலை ஆண்டுதோறும் உயர்ந்து, வாசலுக்கும் சாலைக்கும் அரையடி வேறுபாடு வந்துவிடும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், தாலுகா அலுவலகத்து வாசலில் கட்டிய இருபத்து நான்கு அடிச் சாய்வுதளம் யாருக்கும் பயன்படாமல் இரு சக்கர வண்டிகள் நிறுத்தும் இடமாகிவிடும். அப்படி ஆகிவிட்ட இடங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கம்பிக் கதவு போட்டுப் பூட்டி, சாவி யாரிடம் என்று தெரியாத இடங்களும் உண்டு.

பேருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிரைப் போலவே மாற்றுத்திறனாளிகளும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் முதற்படி முழங்கால் உயரத்தில் இருக்கும் வண்டியில் இலவசமாக ஏறுவது எப்படி? சென்னையில் வழக்காடி, 2024 ஆகஸ்டு மாதத்தில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நடைமேடையின் மட்டத்திற்குத் தாழ்ந்து, பலகை ஒன்றை நீட்டி, நாற்காலியோடு ஏற்றிக் கொள்ளும் வண்டிகள் அவை. அவற்றுக்கும் உள்ளாட்சியின் துணை வேண்டும். நிறுத்தத்தில் சரியான உயரத்தில் நடைமேடை இராவிட்டால், தாழ்ந்த வண்டியாலும் முழுப் பயன் இல்லை.

வெளிநாடுகளில் இவை தொடங்கிய விதத்தை அறிவது சுவையாக இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்னும் சிறு நகரில், போரில் காலிழந்து திரும்பியவர்கள் பலர் இருந்தனர். ஜாக் ஃபிஷர் என்ற வழக்கறிஞர், தாமும் படைப்பணியில் காயமுற்றவர், நகர ஆட்சியினரிடம் சென்று வாதாடினார். நடைபாதையின் விளிம்பு தெருவோடு சேரும் முனைகளில் சிறு சரிவுகளைச் சோதனைக்காகக் கட்டச் செய்தார். கட்டி முடித்ததும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாருக்கும் அவை எளிதாக இருந்தன. ஒரு நகராட்சி செய்த சிறு காரியம் அது.

பார்வையற்றோருக்கான வழியும் ஒரு தெருவில்தான் பிறந்தது. ஜப்பானில் செயிச்சி மியாகே என்பவர், பார்வை மங்கி வந்த தம் நண்பருக்காக, காலால் தடவி அறியும்படி மேடுகள் கொண்ட தரைக்கற்களை 1965 இல் வடிவமைத்தார். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளியின் அருகிலுள்ள சாலையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று நம் இரயில் நிலைய நடைமேடைகளில் காணும் மஞ்சள் ஓடுகள் அவற்றின் வழி வந்தவையே. நீண்ட கோடுகள் உள்ள ஓடு, நேரே செல்லலாம் என்று கூறும். புள்ளிகள் உள்ள ஓடு, நில், முன்னே படி அல்லது விளிம்பு உள்ளது என்று எச்சரிக்கும். ஆக, அது ஓர் எழுத்து. காலால் வாசிக்கும் எழுத்து. நம் நகரங்களில் சில இடங்களில் அழகுக்கென்று இவற்றைக் கலந்து பதித்திருப்பதையும், கோடு நேரே சென்று மின்கம்பத்தில் முட்டி நிற்பதையும் காணலாம். எழுத்துத் தெரியாதவர் அச்சுக் கோத்த புத்தகம் போன்றது அது.

நம் மாநிலத்திற்கே வருவோம். சென்னை மெரினா கடற்கரையில், ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் மாநகராட்சி தற்காலிகப் பாதை அமைத்து வந்தது. அந்தச் சில நாட்களில் மட்டுமே சக்கர நாற்காலியில் உள்ளோர் அலையின் அருகே சென்றனர். நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டதன் பயனாக, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை 1 கோடியே 14 இலட்சம் ரூபாய் செலவில் அமைக்கப்பட்டு, 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் அந்நகரில் இருந்தும் அன்றுதான் கடல்நீரைத் தொட்டவர்களும் உண்டு. இரண்டு வாரம் ஆகுமுன்னே மாண்டஸ் புயல் வந்து அப்பாதையின் கடலோர முனையைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. கடலோர மாவட்டத்தாராகிய நாம் இதிலிருந்து அறிய வேண்டியது, கட்டும் செலவோடு காக்கும் செலவையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது.

நம்மூர்க் கடலில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதன் வெள்ளி விழாவையொட்டி 2024 டிசம்பர் 30 அன்று, விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்து வைக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்த நாட்களில் சிலைக்குப் படகு செல்ல முடியாமல் பலர் ஏமாற்றத்தோடு திரும்பியதுண்டு. அந்தக் குறையைப் பாலம் நீக்கிவிட்டது. எனினும் பாலத்தை அடைவதற்கு முன் கரையிலிருந்து படகில் ஏற வேண்டும். அலையில் எழுந்தாழும் படகிலிருந்து பாறையில் இறங்க வேண்டும். பின் படிகளில் ஏற வேண்டும். கண்ணாடியின் மேல் நடப்பது பெரிய வித்தையாகப் பேசப்படுகிறது. கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு முழ இடைவெளியை ஊன்றுகோலோடு கடப்பதுதான் பெரிய வித்தை என்று நமக்குத் தோன்றுகிறது. கடலின் நடுவே பாலம் கட்டத் தெரிந்த பொறியாளர்களுக்கு இவ்விடைவெளியைச் சீர்செய்வது அரிதான வேலையாயிராது.

வாக்குச்சாவடியின் கதை ஊக்கமளிப்பது. 2004 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் நடந்து கொண்டிருந்த வேளையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு ஒன்றின் முறையீட்டின் பேரில், வாக்குச்சாவடிகளில் மரச் சாய்வுதளங்கள் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. வாக்குச்சாவடிகள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில்தானே அமைகின்றன? ஆகவே தேர்தலுக்கென வந்த சாய்வுதளம் பல பள்ளிகளில் நாளடைவில் சிமெண்டுத் தளமாக நிலைபெற்றது. இன்று வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் எழுத்துகள் உள்ளன. 2024 தேர்தலில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளோர் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் வழி செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் வாக்களிக்க வருபவருக்காக அரசு இவ்வளவும் செய்யும்போது, அதே கட்டடத்தில் நாள்தோறும் படிக்க வரும் பிள்ளைக்காக வாக்குச்சாவடி இல்லாத பள்ளிகளிலும் செய்யலாமே என்று கேட்பதில் தவறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடையற்ற அமைப்பு இல்லாத புதிய கட்டடத்திற்கு நிறைவுச் சான்று தரலாகாது. பழைய பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்தியமைக்க வேண்டும். விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. ஆகவே அந்தக் கெடு 2022 ஜூன் மாதத்தோடு முடிந்து போயிற்று. எத்தனை கட்டடங்கள் திருந்தின என்பதை அவரவர் ஊரில் ஒரு முறை சுற்றி வந்தால் தெரியும். இராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005 இல் தொடுத்த வழக்கில் 2017 இலும் 2024 நவம்பர் 8 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புகள் வழங்கியது. விதிகள் வெறும் பரிந்துரைகளைப் போல எழுதப்பட்டிருப்பது சட்டத்துக்கே முரண் என்றும், கட்டாயமாகப் பின்பற்றத்தக்க அளவுகளைத் தனியே வகுக்க வேண்டும் என்றும் இரண்டாம் தீர்ப்பில் கூறியது. ஒரு வழக்கு பத்தொன்பது ஆண்டுகள்! அது தொடுக்கப்பட்டபோது பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது வாக்களிக்கும் வயதைக் கடந்திருக்கும்.

2025 ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய இரு திருத்தச் சட்டங்கள் உள்ளாட்சிக்கு ஒரு புதிய முகத்தைத் தருபவை. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் உறுப்பினராக நியமிக்கப்பட வேண்டும் என்பது அவற்றின் சாரம். அதுவரை நகர்ப்புற அமைப்புகள் அனைத்திலுமாக 35 மாற்றுத்திறனாளிகளே உறுப்பினராக இருந்தனர். திருத்தத்தால் ஏறத்தாழ 650 பேருக்கு அவ்வாய்ப்பு உண்டாகும் என்றும், கிராமப்புறத்தில் 12,913 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள், 37 மாவட்ட ஊராட்சிகள் ஆகியவற்றில் ஒவ்வொருவர் இடம் பெறுவர் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற அமைப்புகளுக்கான விண்ணப்பங்கள் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பெறப்பட்டன. 2019 இல் மாநகராட்சியான நம் நாகர்கோவிலில் 52 வார்டுகள் உள்ளன. 53 ஆவது குரலாக ஒரு மாற்றுத்திறனாளியின் குரல் மன்றத்தில் ஒலிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் கருத்து.

இதனால் விளையும் நன்மையை நாம் மிகையாகச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் ஒருவரை அமர்த்தி விட்டதோடு சாலையோரக் கல் தானே சரியாகிவிடாது. ஆயினும் சாய்வுதளம் எத்தனை அடி என்று வரைபடத்தைப் பார்த்தவுடனே கேட்கக் கூடியவர், அந்தச் சாய்வுதளத்தில் ஏற வேண்டியவரே. மற்ற உறுப்பினர்கள் மதிப்பீட்டுத் தொகையைப் பார்ப்பார்கள். அவர் சரிவைப் பார்ப்பார். காது கேளாத ஒருவர் நியமிக்கப்பட்டால் மன்றத்தில் சைகை மொழி அறிந்தவர் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். பார்வையற்றவர் நியமிக்கப்பட்டால் தீர்மானங்களை முன்கூட்டியே அவர் வாசிக்கும் வடிவில் தர வேண்டியிருக்கும். மன்றக் கூட்டம் மாடியில் நடப்பதாயின் முதல் நாளே அதைக் கீழ்த்தளத்திற்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இவையே நல்ல தொடக்கம்.

பெற்றோர்கள் இதில் செய்யக்கூடியது கடினமான ஒன்றன்று. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சாலை வேண்டும், விளக்கு வேண்டும் என்று மொத்தமாகக் கேட்பதைவிட, இன்ன பள்ளியில் மூன்று படிகள், உயரம் ஒன்றரை அடி, பதினெட்டு அடிச் சாய்வுதளம் வேண்டும், மேற்கே இருபத்தைந்து அடி இடம் இருக்கிறது என்று அளந்து எழுதிக் கொடுத்தால் பொறியாளர் மதிப்பீடு போடுவதற்கும் எளிது. தட்டிக் கழிப்பதற்குக் கடினம். அளவு நாடா எடுத்து அளந்து கொடுக்கும் பணியை மாணவியராகிய நாம் ஏற்றுக் கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை போதும். நகர்ப்புறத்தார் வார்டு உறுப்பினரிடமோ, திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ இதே தாளைக் கொடுக்கலாம். படியை இடம் பெயர்க்க நிதி இல்லை என்று பதில் வந்தால், கைப்பிடிக் கம்பி ஒன்றையாவது இவ்வாண்டு கேட்டுப் பெறலாம். படியேற முடியாதவருக்கு அது உதவாது. தடுமாறி ஏறுவோருக்கு மிகவும் உதவும்.

கோவிலையும் மறந்துவிட வேண்டாம். நம் பங்கு ஆலயங்களுள் பலவற்றின் முன்புறம் உயர்ந்த படிகள் உண்டு. நோயுற்றோருக்கு நற்கருணையை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் என்றும் உள்ளது. அவர்களே திருப்பலிக்கு வந்து சேரும் வழியைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேசலாம். பக்கவாசலில் ஒன்றரை அடியே ஏற வேண்டிய ஆலயங்கள் அநேகம். அங்கே பதினெட்டு அடி போதும். உள்ளே இருக்கைகளின் வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி நிற்கும் அளவு இடம் விட்டால், குடும்பத்தாரோடு சேர்ந்தே அவர் இருக்கலாம். கடைசியில் கதவோரம் தனியே இருத்த வேண்டாம்.

மேலும் ஒரு செய்தி. கிராம சபை எங்கே கூடும் என்பது முன்னதாக அறிவிக்கப்படும். அது படியேறிச் செல்லும் மண்டபமா, எல்லோரும் வந்தமரும் வெளியிடமா என்று அறிவிப்பு வந்த அன்றே ஊராட்சிச் செயலரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். படி உள்ள இடமாயின், பள்ளி முற்றத்திற்கோ ஆலமரத்தடிக்கோ மாற்றும்படி கேட்கலாம். கூட்டம் தொடங்கிய பின் கேட்டால் காலம் கடந்து விடும்.